மொய்து கதையை நிறுத்தும் இடம்

கொச்சியில், மட்டாஞ்சேரியில் அந்தக் காலத்தில் கல்யாணம் வைத்தவர்கள் முதலில் பந்தல்காரரைப் பார்ப்பார்கள், பிறகு சமையல்காரரை. அதன்பின் மொய்துவைத் தேடிக் கொச்சங்காடிக்கு வருவார்கள். மைக் செட் வைத்திருந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்களிடம் புது ஆம்ப்ளிஃபயரும் பளபளக்கும் கோளாம்பிகளும் இருந்தன. வெற்றிலை துப்பும் கோளாம்பி மாதிரியே வாய் விரிந்திருந்ததால் குழாய் ஒலிபெருக்கிக்கு அங்கே அதுதான் பெயர். மொய்துவின் கோளாம்பி ஓரம் நசுங்கியது. அவருடைய பிளேயர் மழைக்காலத்தில் தட்டினால்தான் சுற்றும். ஆனாலும் அவரிடம்தான் வந்தார்கள். பாட்டுக்கு முன்னால் அவர் சொல்லும் கதைக்காக வந்தார்கள்.

அதற்கொரு காரணம் இருந்தது. மண்டபங்கள் சின்னவை, விருந்தாளிகள் அதிகம். ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். மெதுவான பாட்டு ஓடினால் ஜனங்கள் பாயசத்தை இலையில் விட்டு, பழத்தைப் பிசைந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார்கள். மோர் ஊற்றும் சமயம் பார்த்து மொய்து ஒரு அமெரிக்க இசைத்தட்டைப் போடுவார். டிரம்மும் கிடாரும் துள்ள ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே கைகளின் வேகம் கூடும். பாட்டு முடிவதற்குள் பாதி இலை மடிந்துவிடும். சமையல்காரர்கள் அதற்குப் ‘பந்தி ரிக்கார்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். மட்டாஞ்சேரியில் ராக் அண்ட் ரோல் வேரூன்றியது இப்படித்தான், மோர்ச் சாதத்துக்கு நடுவில்.

அந்தத் தட்டுகள் கப்பல்காரர்களிடமிருந்து வந்தவை. வெலிங்டன் தீவில் இறங்குகிற மாலுமிகள் சிகரெட்டோடும் சோப்போடும் அவற்றையும் விற்றார்கள். உள்ளங்கை அகலத் தட்டு, நடுவில் பெரிய ஓட்டை. மொய்துவின் பிளேயரில் இருந்ததோ ஒல்லியான குச்சி. அவர் தேங்காய்ச் சிரட்டையை வட்டமாகச் செதுக்கி, நடுவில் துளையிட்டு, ஓட்டையை அடைத்தார். நடுத்துளை ஒரு மயிரிழை விலகிவிட்டது. அதனால் எல்லாப் பாட்டும் காயலில் போகிற படகு மாதிரி மெல்ல ஆடிக்கொண்டே வந்தது. பல வருஷம் கழித்து ஒரு கேசட்டில் அதே பாட்டு நேராக ஓடக் கேட்டபோது சகீலாவுக்கு யாரோ வேறு ஆள் பாடுகிற மாதிரி இருந்தது.

சகீலா மொய்துவின் மனைவி. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், பத்தாவது வரை படித்தவள். மொய்துவுக்கு எழுத்துக்கூட்டிக் கடைப்பெயர் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். கப்பல்களிலிருந்து கழித்துவிட்ட இங்கிலீஷ் பத்திரிகைகள் பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் கடைக்கு வரும். அதில் கிடார் படம் உள்ள பக்கங்களை மட்டும் மொய்து பொறுக்கிக்கொண்டு வருவார். சகீலா அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொல்வாள்.

“ஏங்க, இவங்க செட்டு வழியில விழுந்து உடைஞ்சுபோச்சாம்.”

“எங்க?”

“பாட்டுப் பதியறதுக்கு மெம்பிஸ் போற வழியில. ஆம்ப்ளிஃபயர் உள்ள கிழிஞ்சுருச்சாம். காகிதத்தைத் திணிச்சு வாசிச்சுட்டாங்களாம்.”

“பின்னெ?”

“சத்தம் கரகரன்னு வந்துதாம். அதுவும் நல்லாத்தான் இருக்குன்னு அப்படியே பதிஞ்சுட்டாங்க. ஐம்பத்தொண்ணாம் வருஷம். ராக் அண்ட் ரோல் அங்கதான் தொடங்குச்சுன்னு சொல்றவங்க இருக்காங்களாம்.”

மொய்து தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். “பாத்தியா! நம்ம தொழில்காரன்டீ!”

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய பெட்டி ஸ்பீக்கர் நனைந்து கிழிந்தது. அவர் அதை ஒட்டவில்லை. ஒரு முழு மலையாளப் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, நிக்காஹ் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். உஸ்தாது துவா ஓத வாயைத் திறந்ததும் தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெண்ணின் அத்தா மூக்கு சிவக்க ஓடிவந்தார்.

“என்னடா இது, எறும்புப் பவுடர் தின்ன பூனை கத்துற மாதிரி?”

“காக்கா, இது அமெரிக்காவுல பேர் போன சத்தம்.”

“அமெரிக்காவுல கொண்டுபோய் வை! இங்க கழட்டிட்டு ஒழுங்கா வை!”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே சகீலா இன்னும் சில பக்கங்களைப் படித்தாள். லிட்டில் ரிச்சர்ட் தன் ஊர்ப் பஸ் ஸ்டாண்டுச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியவர். இதை மொய்து மைக்கில் சொல்லும்போது சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள் கரண்டியால் அண்டாவைத் தட்டுவார்கள். எல்விஸின் ஆட்டத்தைப் பார்த்து மிரண்டு, டெலிவிஷனில் ஒரு தடவை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு மொய்து மணமகனைப் பார்ப்பார். “புதியாப்ளே, நீங்க பயப்படாதீங்க. இங்க டெலிவிஷன் கிடையாது.” மண்டபமே சிரிக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, ஜனங்கள் கேட்டுக் கேட்டுச் சொல்லச் சொன்னது காசு சுண்டிய கதை.

அந்தப் பக்கம் கிடைத்தது எழுபத்தொன்பதில். சம்பவம் நடந்து இருபது வருஷம் ஆனதை ஒட்டி எழுதியிருந்தார்கள். ரிச்சி வாலன்ஸ் என்று ஒரு பையன், பதினேழு வயசு. பல பாட்டுக்காரர்களோடு சேர்ந்து பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறான். பனி கொட்டுகிற காலம். பஸ்ஸில் ஹீட்டர் கெட்டுவிட்டது. டிரம் வாசிப்பவர் குளிரில் கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அடுத்த ஊருக்கு ஒரு சின்ன விமானம் பிடித்திருக்கிறார்கள். கடைசியாக ஒரு இடம். அதற்கு அந்தப் பையனும் போட்டி, கிடார் வாசிக்கிற இன்னொருவரும் போட்டி. காசைச் சுண்டிப் பார்க்கிறார்கள். பையன் ஜெயிக்கிறான்.

“சபாஷ்!” என்றார் மொய்து.

சகீலா அகராதியைப் புரட்டியபடி கீழே படித்துக்கொண்டு போனாள். விமானம் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே வயலில் விழுந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. அவள் அதைச் சொல்லி முடித்தபோது மொய்து பெட்டியிலிருந்து அந்தப் பையனின் தட்டை எடுத்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத இனிமே வாயால சொல்லாத,” என்றார். “பால் பொங்குது பாரு.”

பால் பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

அடுத்த கல்யாணத்தில் அவர் கதையைச் சொன்னார். பனியை அப்படிச் சொன்னார், ஐஸ் கம்பெனிக்குள் போய்ப் படுத்தது போலப் பந்தியில் இருந்தவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். கட்டைவிரலால் காசைச் சுண்டுகிற மாதிரி மைக்கில் நகத்தைத் தட்டினார். “விழுந்துச்சு! ஜெயிச்சது யாரு? நம்ம பையன்!” என்று கத்தின அதே மூச்சில் ஊசியை இறக்கினார். கிடார் துள்ளிக்கொண்டு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பின் எத்தனை கல்யாணத்தில் சொன்னாலும் அங்கேதான் நிறுத்துவார். மட்டாஞ்சேரிக்காரர்கள் அந்தப் பையனை மகா அதிர்ஷ்டசாலி என்று நம்பினார்கள். லாட்டரிச் சீட்டு எடுக்கப் போகிறவர்கள் அவன் பேரைச் சொல்லி எடுத்ததுகூட உண்டு.

எண்பத்து மூன்று மழைக்காலத்தில் ஆலுவாவில் ஒரு வீட்டு விசேஷம். மொய்துவின் அண்ணன் சிகாபுதீன் ஆலுவாவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் ஏற்பாடு செய்துகொடுத்த வேலை அது. கோளாம்பியைக் கட்டத் தென்னையில் ஏறிய மொய்து, ஈரத்தில் கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். கீழே கோளாம்பியைத் தூக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிகாபுதீன்தான்.

புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிகிற வரை சகீலா வெளியே வரவில்லை. செட்டு ஒரு பழைய போர்வைக்குள் மூலையில் கிடந்தது. இத்தா முடிந்த வாரமே சிகாபுதீன் வந்தார். செட்டை ஆலுவாவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார்.

“எதுக்கு மச்சான்?”

“எதுக்குன்னா? இனிமே கேசட்டுக் காலம். இத யாரு கேக்கப் போறா? நீ தையல் படிச்சிருக்கே. மெஷின் ஒண்ணு நான் வாங்கித் தரேன்.” அவர் போர்வையின் பக்கமே பார்க்கவில்லை.

சகீலா போர்வையின் நுனியை இழுத்துவிட்டாள். அந்தச் செட்டு போய்விட்டால் மொய்துவின் குரல் இருந்த இடம் எதுவென்று சொல்ல அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அந்த நேரத்தில்தான் வாசலில் பிச்சையும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் வந்து நின்றார்கள். மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர்கள், சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள்.

“மகளுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு தாயி,” என்றார் ஆவுடையம்மாள். “மொய்து அண்ணாச்சி போன வருசமே வாக்குக் குடுத்திருக்காக. மூத்தவ கல்யாணத்துல அவுக சொன்ன காசுக் கதைய சின்னவ முப்பிடாதி இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுதா. அதான்… வேற யாரையாச்சும் வச்சாவது…”

“செட்டு வரும்,” என்றாள் சகீலா.

அவர்கள் போனதும் சிகாபுதீன் கேட்டார். “பாட்டுப் போடலாம். மைக்குல யாரு பேசறது?”

“நான்.”

“நீயா? நீ வீட்டுக்குள்ள கூப்பிட்டா திண்ணையில இருக்கறவனுக்கே கேக்காதே!”

“அதுக்குத்தானே மச்சான் மைக்கு.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி. இந்த ஒரு கல்யாணம். தூக்கிக் கட்ட நான் வரேன். உனக்குப் பேச வரலைன்னா, முடிஞ்ச கையோட வண்டி நேரா ஆலுவா பஸ்ஸுக்கு.”

“பேச வந்துட்டா?”

“வரட்டும், பாக்கலாம்.”

கல்யாணத்தன்று காலையில் வானம் தெளிவாக இருந்தது. மண்டபத்து முற்றத்தில் கோளாம்பி கட்டுவதற்கென்றே வளர்ந்த மாதிரி ஒரு தென்னை நின்றது. சிகாபுதீன் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, கோளாம்பியை ஜன்னல் கம்பியில் இடுப்பு உயரத்தில் கட்டினார். அந்த வழியாகப் போனவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். யார் சொல்லியும் அவர் மாற்றவில்லை.

சகீலா மேடைக்குப் பக்கவாட்டில் பிளேயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்திப் பாட்டு, நாகஸ்வரம், சினிமாப் பாட்டு எல்லாம் ஒழுங்காகவே போயின. மாப்பிள்ளையின் மாமா வாஞ்சிநாதன் மட்டும் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார். பிறகு ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, தாலி கட்டுற எடத்துல… புருசன் தவறி இன்னும் ஒரு வருசங்கூட ஆகல போலயே.”

“அவுகளா தாலி எடுத்துக் குடுக்கப் போறாக? பாட்டுதானே போடுதாக. நீங்க போயி மோளக்காரனுக்குக் காப்பி கெடைச்சுதான்னு பாருங்க மாமா.”

அது சகீலாவின் காதில் விழுந்தது. கையிலிருந்த தட்டை உறையில் போட்டாள், திரும்ப எடுத்தாள். ஜன்னல் பக்கம் நின்ற சிகாபுதீனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியது. முதல் பந்தியில் பொண்ணு மாப்பிள்ளை இருவரையும் நடுவில் உட்காரவைத்தார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசல் வரை நின்றார்கள். பாயசம் போனது. மோர் வாளி வெளியே வந்தது. சமையல்காரர் வெங்கிட்டு தோளில் துண்டோடு எட்டிப் பார்த்தார்.

“யக்கா! பந்தி ரிக்கார்டு எங்க? ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்கான்!”

“கதை சொல்லிட்டுப் போடணும்!” என்று பந்தியிலிருந்து ஒரு குரல்.

“காசுக் கதை! மொய்துக்காவோட காசுக் கதை!”

சகீலா மைக்கைக் கையில் எடுத்தாள். அது கீச்சென்று கத்தியது. குழந்தைகள் சிரித்தார்கள். அவள் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்பதே மறந்துவிட்டது. மொய்து எப்போதும் ‘சகோதரர்களே, சாப்பிடுகிறவர்களே’ என்று தொடங்குவார். அது அவள் வாயில் வரவில்லை.

“ரொம்பக் குளிரு,” என்றாள்.

கோளாம்பியில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. முற்றத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ரொம்பக் குளிரு. பஸ்ஸுக்குள்ளேயே மூச்சு விட்டா புகையா வருது. அதுல இந்தப் பையன் உக்காந்திருக்கான். பதினேழு வயசு. வீட்ல அம்மா இருக்காங்க. நாளைக்கு எந்த ஊருன்னுகூட அவனுக்குச் சரியாத் தெரியாது…”

மொய்து சொன்ன மாதிரி இல்லை அது. அவர் உரக்கச் சொல்வார். இவள் பக்கத்து வீட்டில் நடந்ததை அடுக்களையில் சொல்வது போலச் சொன்னாள். ஆனால் பந்தியில் ஒருவரும் மோரை உறிஞ்சவில்லை. காசைச் சுண்டுகிற இடம் வந்தபோது அவள் மைக்கில் நகத்தைத் தட்டினாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையைத் தூக்கி, காசு போன உயரத்தைப் பார்த்தார்.

“விழுந்துச்சு. ஜெயிச்சது அந்தப் பையன்.”

கைதட்டினார்கள். சகீலா ஊசியைத் தூக்கினாள். அப்போதுதான் பார்த்தாள், தட்டின் ஓட்டையில் சிரட்டை இல்லை. மொய்து கதை சொல்லும்போதே இடது கையால் அதை மாட்டிவிடுவார். அவள் மைக்கை மடியில் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் தேடினாள். கைதட்டல் அடங்கியது. பாட்டு வரவில்லை. அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்த இடத்தில் அப்படியொரு நிசப்தம் வந்ததில்லை.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முப்பிடாதிதான் கேட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருந்தது.

“பொறவு என்னாச்சுக்கா?”

சகீலாவின் விரலில் சிரட்டை தட்டுப்பட்டது. அவள் எடுக்கவில்லை. மண்டபம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது. வயலில் விழுந்த விமானத்தைத் தாலி கட்டிய பெண்ணின் இலைக்கு முன்னால் கொண்டுவந்து போடவும் முடியாது. பால் பொங்குது பாரு என்று மொய்து சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடிந்த மாதிரி இருந்தது.

அவள் மைக்கை எடுத்தாள்.

“பொறவு என்னம்மா, இன்னிக்கு வரைக்கும் பாடிட்டுத்தான் இருக்கான். இது அவங்க முன்னோருங்க ஊர்ல கல்யாண வீட்டுப் பாட்டு. அங்க இதுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடுவாங்க. நீங்க சாப்பிடுங்க, போதும்.”

சிரட்டையை மாட்டினாள், ஊசியை இறக்கினாள். கிடார் ஆடிக்கொண்டே வந்தது. முப்பிடாதி சிரித்துவிட்டு மாப்பிள்ளையை முழங்கையால் இடித்தாள். கைகள் வேகமாயின. பாட்டு முடிவதற்குள் இலைகள் மடிந்தன.

“இன்னொண்ணு போடுங்க யக்கா!” என்று வெங்கிட்டு கத்தினார். “அடுத்த பந்தியில வாழக்கா மண்டி ஆளுக. லேசுல எந்திரிக்க மாட்டானுவ!”

மத்தியானம் செட்டைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். சிகாபுதீன் வண்டியை இழுத்தார். சகீலா ரிக்கார்டுப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் வெயிலில் மணத்தன. ஒரு சாயாக்கடை நிழலில் அவர் வண்டியை நிறுத்தி, இரண்டு சாயா சொன்னார்.

“நல்லாத்தான் பேசினே,” என்றார். பிறகு, “அந்தப் பையன் இப்பவும் பாடறான்னு சொன்னியே. நம்ம மொய்து வயசுதான் இருக்கும். எங்க இருக்கான்?”

அவருக்கும் தெரியாது. தம்பி சொன்ன கதையை அவரும் எத்தனையோ கல்யாணத்தில் கேட்டுக் கைதட்டியவர்தான்.

சகீலா சொன்னாள். விமானம், வயல், பனி, எல்லாம். சிகாபுதீன் கிளாசைப் பிடித்தபடி நின்றார். சாயாவில் ஆடை படிந்த பிறகும் குடிக்கவில்லை.

“மொய்துவுக்கு இது தெரியுமா?”

“நான்தானே படிச்சுச் சொன்னேன்.”

“பின்னெ ஏன்…” என்று தொடங்கி, அவர் கேள்வியை விட்டுவிட்டார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார். “மத்தவன்? காசுல தோத்தவன்?”

“அவரு பஸ்ஸுலயே போனாரு. இருக்காரு.”

“என்ன செய்யறான் அவன்?”

“கிடார்தான் வாசிக்கறாரு. அதே தொழில்தான். அந்தப் பத்திரிகைப் பக்கத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு.”

“அதுக்கப்புறமுமா?”

“அதுக்கப்புறமும்.”

சிகாபுதீன் முகத்தைத் தோள்துண்டால் துடைத்தார், வேர்வைதான் என்பது போல. குளிர்ந்துபோன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். “அன்னிக்குக் கயிறு என் கையிலதான் இருந்துச்சு, சகீலா,” என்றார். “நான் விடல.”

“தெரியும் மச்சான். நீங்க விட்டதா யாரும் சொல்லலியே.”

“எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்.”

அவள் அவருடைய கையிலிருந்து காலிக் கிளாசை வாங்கிக் கடைப்பலகையில் வைத்தாள். வலது பக்கம் போனால் ஆலுவா பஸ். இடது பக்கம் கொச்சங்காடி. சிகாபுதீன் வண்டிப்பிடியைத் தூக்கினார்.

“அந்த வாஞ்சிநாதன் போகும்போது உன்கிட்ட வந்து என்னமோ கேட்டானே, என்ன?”

“அவரு மச்சினி வீட்ல வளைகாப்பாம். வியாழக்கிழமை. செட்டு வருமான்னு கேட்டாரு.”

“காலைல தாலிக்கு ஆகாதவ, வளைகாப்புக்கு ஆவாளாமா! நீ என்ன சொன்னே?”

“மச்சான்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்.”

சிகாபுதீன் வண்டியை இடது பக்கம் திருப்பினார். சக்கரம் கல்லில் ஏறி இறங்க, கோளாம்பி தடதடவென்று ஆடியது.

“பெட்டிய இறுக்கிப் புடி,” என்றார். “தட்டு ஒடைஞ்சா வியாழக்கிழமை என்னத்தப் போடுவே?”